தாமதமாக வந்த கால்

அத்தியாயம் ஒன்பது

"கிளச்சை மெதுவா விடுங்க. அவசரமே இல்லை. இந்த ரோடு எங்கேயும் ஓடிப் போயிடாது."

டீச்சர் இதை அன்று காலையில் எத்தனையாவது முறையாகச் சொன்னாளோ, அவளுக்கே தெரியாது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த தபால்காரர் ஒவ்வொரு முறையும் "சரிங்க டீச்சர்" என்றார். ஒவ்வொரு முறையும் வண்டி கட்டுத்தறியை அறுத்துக்கொண்ட மாடு மாதிரி ஒரு துள்ளு துள்ளியது.

மணி பதினொன்று தாண்டியிருந்தது. பயிற்சி வண்டியின் ஏ.சி. போன வாரமே செத்துவிட்டது. டீச்சர் நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார் மெக்கானிக்கிடம் சொன்னாள். மெக்கானிக் "நாளைக்கு" என்றார். ஆறு நாளைக்குகள் கழிந்துவிட்டன.

இந்த வண்டியில் புதிதாக ஏறுபவர்களுக்கு ஒரு வார்த்தை. டீச்சர் என்பது பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவள். பதினாறு வருஷமாக அதே வேலை. ஓட்டுநர் பள்ளியின் முதலாளி அவளுடைய நாத்தனார், கணவரின் அக்கா. ஐந்து மாதத்துக்கு முன்னால் டீச்சருக்கு ஒரு கண் மங்கியது, ஈரக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல. அடுத்து வலது கால் மரத்தது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு எம்.எஸ். என்றார். மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ்.

"நரம்புங்கறது கரன்ட் வயர் மாதிரி. அதுக்கு மேல ஒரு உறை இருக்கு. உங்க உடம்பே அந்த உறையை அங்கங்க அரிச்சுடுது. முழுசா விரட்டற மருந்து இன்னும் வரலை. ஆனா கட்டிப்போடற மருந்து இருக்கு, அதை விடவே கூடாது. தூக்கம், நடை, சாப்பாடு, உடம்பு சூடாகாம பார்த்துக்கறது, இதெல்லாம் உங்க கையில. கால் மரத்துப்போற நாள்ல வண்டியைத் தொடாதீங்க. வேலை செய்யற இடத்துல சொல்லிடுங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் காதில் ஒரே ஒரு சொல்தான் விழுந்தது. வயர். அது அவருக்குத் தெரிந்த விஷயம்.

அன்று சாயங்காலமே குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஓர் அட்டவணை ஏறியது. காலை நடை, நீச்சல், மீன், கீரை, தண்ணீர், மதியம் ஒரு மணி நேரப் படுக்கை, ஒன்பதரைக்குத் தூக்கம். இருபத்தைந்து வருஷமாக ஊதிக்கொண்டிருந்த சிகரெட்டை அவர் அதே வாரம் விட்டார். புகை அவளுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதுதான் காரணம். அட்டவணை வேலை செய்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கண் தெளிந்தது. ஊசியில் நூல் கோத்தாள். கைப்பிடியைத் தொடாமல் மாடி ஏறினாள்.

டாக்டர் சொன்னதில் ஒன்று மட்டும் அட்டவணையில் ஏறவில்லை. வேலை செய்யும் இடத்தில் சொல்வது. வெளியூரில் படிக்கும் மகளுக்குக்கூட 'அம்மாவுக்குக் கொஞ்சம் ரத்தம் கம்மி' என்பதுதான் செய்தி. நாத்தனாருக்கு அந்தச் செய்தியும் இல்லை.

"வளைவு வருது. வேகத்தைக் குறைங்க," என்றாள் டீச்சர்.

சந்தைத் தெருவும் ஆஸ்பத்திரி ரோடும் சேரும் இடம். இடது பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள்காரர், முதுகில் பையோடு, சாவகாசமாகத் திரும்பிக்கொண்டிருந்தார். தபால்காரர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைப் பார்க்கவேண்டும் என்று அவள்தான் நேற்று முழுக்கச் சொல்லியிருந்தாள்.

"பிரேக்."

வாய் சொன்னது. அதே கணத்தில் அவள் பக்கத்து பிரேக்கை அவள் காலும் மிதித்திருக்க வேண்டும். பதினாறு வருஷமாக வாயும் காலும் சேர்ந்தே வேலை செய்திருக்கின்றன. இன்று கால் வரவில்லை. உத்தரவு புறப்பட்டுப் போனது. ஆனால் அரசாங்க ஆபீஸில் கோப்பு நகர்வது போல ஒவ்வொரு மேசையிலும் உட்கார்ந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போனது. அரை விநாடி.

தபால்காரரின் கால் முந்திக்கொண்டது. ஆனாலும் போதவில்லை. வண்டியின் மூக்கு சைக்கிளின் பின்சக்கரத்தைத் தொட்டது. சைக்கிள்காரர் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தார்.

டீச்சர் இறங்கும்போது கால் தரையில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. சைக்கிள்காரருக்கு முழங்கையில் தோல் போயிருந்தது, வேறொன்றுமில்லை. அவள் மருந்துப் பெட்டியைத் திறந்து துடைத்துக் கட்டினாள். அவர் வண்டியின் மேலிருந்த சிவப்பு 'எல்' எழுத்தைப் பார்த்தார்.

"கத்துக்கறதா இருந்தா காலி மைதானத்துல கத்துக்கச் சொல்லுங்கம்மா," என்று முணுமுணுத்துவிட்டு ஏறி மிதித்துப் போய்விட்டார்.

வண்டிக்குள் தபால்காரர் இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார். இஞ்சின் நின்றுபோனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

"எனக்கு இது வராது டீச்சர்."

"இன்னைக்கு இது போதும். நாளைக்குப் பேசலாம்."

"நாளைக்கு என்ன பேசறது? ஒரு மனுஷனை இடிச்சுட்டேன். இருபத்திரண்டு வருஷமா நடந்து நடந்து தபால் கொடுத்தவன் நான். என் கால் நடக்கத்தான் லாயக்கு."

அவருடைய அலுவலகம் வேனுக்கு மாறுகிறது. வெள்ளிக்கிழமை பரீட்சையில் தேறினால் வேன். இல்லாவிட்டால் கீழ்த்தளத்தில் தபால் பிரிக்கும் அறை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவர், இந்த முறைக்காகப் புது ஷூ வாங்கியிருந்தார்.

இந்த இடத்தில் டீச்சர் சொல்லியிருக்க வேண்டும். தப்பு உங்களுடையது இல்லை, என் கால் வரவில்லை என்று. நாக்கு நுனி வரை வந்தது. அங்கேயே நின்றது. அவர் தலையைக் குனிந்துகொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கிப் போவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அதன்பின் வண்டியை நிழலில் பூட்டி விட்டுவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டுக்கு நடந்தாள். ஒரு கால் நடந்தது. இன்னொன்று பின்னாலேயே வந்தது.

*

கணவர் வீட்டில் இருந்தார். பக்கத்து அடுக்குமாடியில் வேலை இருக்கும் நாட்களில் மதியம் வந்துவிடுவார். கையில் பேனாவோடு அட்டவணைக்கு முன்னால் நின்றார்.

"காலை நடை?"

"ஆச்சு."

"தண்ணி எத்தனை பாட்டில்?"

"ரெண்டு. என்னங்க, கொஞ்சம் உட்காருங்க."

சொன்னாள். அவர் நின்றுகொண்டே கேட்டார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"முழங்கையில தோல் போச்சு."

"அது ஆகாத மாதிரிதான். வெயில். வேற ஒண்ணுமில்ல. உடம்பு ஆறினா சரியாப் போயிடும். இப்ப எப்படி இருக்கு? பத்துக்கு எத்தனை?"

"நம்பர் கேக்காதீங்க."

"நாளைக்கு ஒரு நாள் லீவு போடு. அக்காகிட்ட வயித்து வலின்னு நான் சொல்லிடறேன்."

"எனக்கு எத்தனை தடவைதாங்க வயித்து வலி வரும்? போன மாசமும் வயித்து வலி. அதுக்கு முந்தின மாசம் பல் வலி. அண்ணி எனக்கு ஒரு பல் டாக்டரையே பிடிச்சு வச்சிருக்காங்க."

அவர் சிரிக்கவில்லை. மீன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இப்ப சொன்னா அஞ்சு மாசம் பண்ணினது அத்தனையும் வீண்."

"எது வீணாகும்? நடந்தது நடந்ததுதானே? நீந்தினது நீந்தினதுதானே? சொன்னா என் கால் அதைத் திருப்பிக் கொடுத்துடுமா?"

"உனக்குப் புரியாது. எங்க அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிட்டப்ப, அக்கா என்ன பண்ணினா தெரியுமா? 'உட்காருங்கப்பா, உட்காருங்கப்பா.' எழுந்தா உட்காருங்க. செருப்பைத் தேடினா உட்காருங்க. அவர் அப்படியே உட்கார்ந்தவர்தான். ஊரே ஒருத்தரை நோயாளியாப் பார்த்தா, அந்தப் பார்வையே படுக்க வச்சிடும்."

டீச்சருக்கு இது புதுக் கதை இல்லை. ஆனால் சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது இன்றுதான் முதல் முறை. அதனால் மீனை எடுத்துச் சாப்பிட்டாள்.

அவர் அட்டவணைப் பக்கம் திரும்பினார். 'வெயில் தவிர்த்தல்' என்ற கட்டத்தின் மேல் பேனா இறங்கியது.

"அதுல சரி போடாதீங்க."

"ஒரு நாள்தானே."

"இன்னைக்கு அது தப்பு. தப்புன்னு போடுங்க. இல்லைன்னா ஒண்ணும் போடாதீங்க."

அவர் பேனாவை மூடி சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சொல்லாமல் வேலைக்குப் போனார்.

மதியப் படுக்கை ஒரு மணி நேரம். டீச்சர் படுத்தாள். மின்விசிறி சுற்றியது. காலுக்குள் ஈ பறப்பது போல ஒரு ரீங்காரம். அந்தப் பக்கம் புரண்டாள், இந்தப் பக்கம் புரண்டாள். கண்ணை மூடினால் சைக்கிள் சாய்ந்தது. திறந்தால் புது ஷூ போட்ட ஒருவர் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்க்கொண்டே இருந்தார். மூன்று மணிக்குள் கால் குளிர்ந்து கட்டுக்கு வந்துவிட்டது. மனசு வரவில்லை.

எழுந்து துண்டை ஐஸ் தண்ணீரில் நனைத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, பேருந்து ஏறினாள்.

*

தபால் அலுவலகத்தின் பின்கட்டில் அவரைக் கண்டுபிடித்தாள். மரப் பெட்டிகளுக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இனிமேல் உட்காரப் போகும் ஸ்டூலைப் பழகிப் பார்ப்பது போலிருந்தது. அவர் முன்னால் ஒரு தாள். 'பயிற்சியிலிருந்து விலகிக்கொள்கிறேன்' என்ற வரி தலைகீழாகவே அவளுக்குப் படிக்கக் கிடைத்தது.

"டீச்சர், நீங்க ஏன் இந்த வெயில்ல?"

"காலையில நீங்க பிரேக் மிதிச்சீங்க. கொஞ்சம் லேட், ஆனா மிதிச்சீங்க. கத்துக்கறவங்க லேட்டாதான் மிதிப்பாங்க. அதுக்குத்தான் என் பக்கம் இன்னொரு பிரேக் இருக்கு. அது என் வேலை. நான் மிதிக்கல. என் கால் வரல."

"கால் வரலைன்னா?"

அவள் நோயின் பெயரைச் சொன்னாள். வயர், உறை, வெயில், எல்லாவற்றையும் நாலு வாக்கியத்தில் சொன்னாள். இதுவரை யாரிடமும் சொல்லாததால் வார்த்தைகள் கரடுமுரடாக வந்தன.

தபால்காரர் பெட்டியிலிருந்து தபால் உறைகளை எடுத்து அடுக்கினார். கலைத்தார். மறுபடி அடுக்கினார்.

"இது எத்தனை நாளா?"

"அஞ்சு மாசம்."

"நான் உங்ககிட்ட வந்து ஆறு வாரம்."

"ஆமா."

"அப்ப ஆறு வாரமா நான் அந்த பிரேக்கை நம்பித்தான் ரோட்டுல போனேன்."

"இதுக்கு முன்னாடி கால் இப்படிப் பண்ணினது ரெண்டு தடவை. ரெண்டும் வீட்டுல. ரோட்டுல வராதுன்னு நானே நினைச்சுக்கிட்டேன்."

"டீச்சர், இத்தனை வருஷத்துல ஒரு பதிவுத் தபாலைக்கூட கையெழுத்து வாங்காம நான் கொடுத்ததில்லை. நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். இப்படி ஒரு விஷயம் இருக்கு, என்கூட வர்றீங்களான்னு. வந்திருப்பேனோ என்னவோ. ஆனா கேட்டிருக்கணும்."

குரல் ஏறவே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"கேட்டிருக்கணும்," என்றாள். வெயில் என்றோ, ஏ.சி. என்றோ சொல்ல வாய் வரவில்லை.

"வீட்டுல போய் என் சம்சாரத்துகிட்ட, எனக்குத் தலையில ஒண்ணும் ஏறாதுன்னு சொல்லிட்டு வந்தேன். அவ பாவம், சோறுகூட சாப்பிடல."

தாளை நான்காக மடித்தார். கிழிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள என்னை யார் கூட்டிட்டுப் போவாங்க?"

"எனக்குத் தெரியல. கேட்டுச் சொல்றேன்."

"அதிகாரி அஞ்சு மணிக்குக் கிளம்பிடுவார். அதுவரைக்கும் இது என் பையில இருக்கும்."

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு.

*

ஓட்டுநர் பள்ளியில் நாத்தனாருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ஹாரன். அவளுக்கும் அது தெரியும். வருத்தமில்லை. ஹாரன் இல்லாத வண்டி ஆபத்து என்பாள். ஒரு காதில் ஒரு போன், மேசையில் இன்னொன்று, பின்னால் சாவிகள் தொங்கும் பலகை. டீச்சரைப் பார்த்ததும் காதிலிருந்ததை வைத்தாள்.

"வண்டி எங்கேம்மா? ஆஸ்பத்திரி ரோட்டுல அனாதையா நிக்குதுன்னு ரெண்டு பேர் போன் பண்ணிட்டாங்க. உனக்குப் போட்டா எடுக்க மாட்டேங்கறே. என்ன, மறுபடி வயித்து வலியா?"

"இல்ல அண்ணி. வயித்து வலி எப்பவுமே இல்ல."

இரண்டாவது முறை சொல்லும்போது வார்த்தைகள் கொஞ்சம் வழிக்கு வந்தன. நோய், ஐந்து மாதம், இன்றைய வளைவு, முழங்கை, தபால்காரர். நாத்தனார் ஒரு முறைகூடக் குறுக்கே பேசவில்லை. பதினாறு வருஷத்தில் அந்த அறை இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. பக்கத்து அறையிலிருந்த கிளார்க் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

நாத்தனார் உள்ளங்கையை நீட்டினாள். டீச்சர் சாவியை வைத்தாள். அது பலகைக்குப் போகவில்லை. மேசை டிராயருக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

"டாக்டர் எழுதிக் கொடுத்து, லைசென்ஸ் ஆபீஸும் சரின்னு சொல்ற வரைக்கும் இது உன் கைக்கு வராது."

"சரி அண்ணி."

"அந்த சைக்கிள்ல ஒரு குழந்தை இருந்திருந்தா?"

"காலையிலேருந்து அதையேதான் நினைச்சிட்டிருக்கேன்."

"நினை. நல்லா நினை." நாத்தனார் எழுந்து ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், தண்ணீர் பாட்டிலை எடுத்து டீச்சர் முன்னால் டொக்கென்று வைத்தாள். "ஏ.சி. ஏ.சி.ன்னு ஆறு நாள் கேட்டியே, சூடு எனக்கு ஆகாதுன்னு ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லக் கூடாதா? அந்த மெக்கானிக்கைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பேனே. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? மகாராணிக்கு சொகுசு கேக்குதுன்னு நினைச்சேன். என்னை இப்படி நினைக்க வச்சுட்டியே."

டீச்சர் பாட்டிலைத் திறக்க முயன்றாள். விரல் வழுக்கியது. நாத்தனாரின் கை தானாக நீண்டது. பாதி வழியில் நின்றது. திரும்பிப் போய்விட்டது. டீச்சர் புடவைத் தலைப்பால் பிடித்து மூடியைத் திருகிக் குடித்தாள்.

"வேலையை விட்டு எடுக்கறீங்களா அண்ணி?"

"பிரேக்கை விட்டு எடுக்கறேன். என்கிட்ட எட்டு பேர் சொல்லிக் கொடுக்கறாங்க. முதல் தடவையே பாஸ் ஆகறது முக்கால்வாசி உன் ஆளுங்க. அதை உன் காலா பண்ணிச்சு? உன் வாய் பண்ணிச்சு. விடியக்காலை வகுப்பு, பரீட்சைக்கு முந்தின வாரத்துப் பயிற்சி, பயந்தாங்கொள்ளிங்க அத்தனை பேரும், எல்லாம் உன்னோடது. மிதிக்கறதுக்கு வேற ஆள் உட்காரட்டும். பதினொரு மணிக்கு மேல வெயில்ல நீ ரோட்டுல தெரிஞ்சா எனக்குக் கெட்ட கோவம் வரும்."

"தபால்காரர்?"

நாத்தனார் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலே முக்கால். போனை எடுத்தாள்.

"தபால்காரரா? நான் பள்ளிக்கூட முதலாளி பேசறேன். அந்தக் கடுதாசியை ராக்கெட் செஞ்சு விடுங்க. ஆறு மணிக்கு வாங்க, வெயில் இறங்கிடும். நானே வர்றேன். என் கால், இவ வாய்."

*

ஆறு மணிக்கு மூன்று பேரும் வண்டியில் இருந்தார்கள். முன்னால் தபால்காரர், பக்கத்தில் நாத்தனார், பின் இருக்கையில் நடுவே டீச்சர், கழுத்தில் ஈரத் துண்டு, நாலு கண்ணாடியும் திறந்திருந்தது. பின்னால் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை. சாலை தூரத்தில் தெரிந்தது. தன் வலது கால் தரை விரிப்பை மிதித்து மிதித்துப் பார்ப்பதை அவளால் நிறுத்த முடியவில்லை.

"லாரி. லாரி வருது, லாரி," என்றாள் நாத்தனார்.

தபால்காரர் திடுக்கிட்டுத் துள்ளினார். வண்டியும் துள்ளியது.

"அண்ணி, நீங்க வாய்க்கும் ஒரு பிரேக் போடுங்க," என்றாள் டீச்சர். "சார், லாரி அதுபாட்டுக்குப் போகுது. உங்க கோட்டுல நீங்க போங்க. தோளை இறக்குங்க. அந்தத் தபால் பை இப்ப உங்க தோள்ல இல்ல."

தோள் இறங்கியது. இரண்டு தெரு போனார்கள். மூன்று போனார்கள். அவள் ஒரே தொனியில், அவசரமில்லாமல், வருவதை முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தாள். கியர் மாறும்போது வண்டி முனகவில்லை.

ஆஸ்பத்திரி ரோட்டு வளைவு வந்தது. தபால்காரரின் கழுத்தில் வியர்வை ஓடுவது பின்னாலிருந்து தெரிந்தது. டீச்சர் வாயைத் திறந்தாள். அவர் அதற்குள் வேகத்தைக் குறைத்திருந்தார். இடமும் வலமும் பார்த்தார். மார்க்கெட்டிலிருந்து இரண்டு பெண்கள் கூடையோடு குறுக்கே வந்தார்கள். வண்டி மெத்தென்று நின்றது. அவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கடந்தார்கள்.

"நான் மிதிக்கவே இல்ல," என்றாள் நாத்தனார். "என் கால் சும்மா இருந்தது. ரெண்டு பேரும் சாட்சி."

தபால்காரர் மூச்சு விட்டார். பள்ளி வாசலில் இறங்கும்போது டீச்சரின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"நாளைக்கும் இதே நேரமா?"

"இதே நேரம்தான்."

"நீங்களும் வரணும். பின்னாடி."

மன்னித்தேன் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. பரீட்சைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

*

பள்ளியின் படிக்கட்டில் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு கணவர் உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது.

"சொல்லிட்டியா?" என்றார் மனைவியிடம்.

"சொல்லிட்டேன்."

"டேய் தம்பி," என்றாள் நாத்தனார். "உள்ள வா. வாசல்ல வச்சுத் திட்டினா தெருவுக்கே கேக்கும்."

உள்ளே போனதும் அவளால் திட்ட முடியவில்லை. மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பாவை நான் உட்கார வச்சுட்டேன்னு இன்னும் மனசுல வச்சிருக்கியா?"

அவர் சாவிப் பலகையைப் பார்த்தார்.

"வச்சிருக்கே. எனக்கும் தெரியும்டா. அவர் விழுந்துடுவாரோன்னு எனக்கு பயம். அந்த பயத்துல பண்ணினது. இன்னைக்கு இவ பாட்டில் மூடியைத் திறக்க முடியாம திண்டாடினா. என் கை போச்சு. எப்படி இழுத்துக்கிட்டேன்னு எனக்குத்தான் தெரியும். நீ என்னைவிட என்ன ஒசத்தி? நான் அப்பாவை உட்கார வச்சேன். நீ இவளை ஒளிச்சு வச்சே."

"நான் சரி பண்ணிடுவேன்னு நினைச்சேன் அக்கா. அஞ்சு மாசத்துல எவ்வளவோ நல்லாயிருக்கா. நீயே பார்த்தியே, உனக்குக் கண்டுபிடிக்க முடிஞ்சுதா?"

"நல்லாத்தாங்க இருக்கேன்," என்றாள் டீச்சர். "நீங்க சிகரெட்டை விட்டது, விடியக்காலையில எழுந்து என்கூட நடந்தது, எதையும் நான் மறக்கல. நாளைக்கும் நடக்கப் போறேன். அட்டவணையும் இருக்கட்டும். ஆனா அது என்னோடது. சரியும் தப்பும் நான் போடறேன். நோய் இருக்கு, நானும் இருக்கேன். ரெண்டுல ஒண்ணை இல்லைன்னு சொல்லிட்டே எத்தனை நாள் ஓட்டறது?"

அவர் கருவிப் பையின் வாரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"இன்னொண்ணு இருக்கு."

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"ரெண்டாவது ஸ்கேன். அடுத்த வாரம்னு உன்கிட்ட சொன்னேன் இல்ல? அது போன திங்கட்கிழமையே எடுக்க வேண்டியது. நான்தான் போன் பண்ணித் தேதியைத் தள்ளிப் போட்டேன்."

"ஏன்?"

"எல்லாக் கட்டத்துலயும் சரி போட்டிருக்கோம். அதுக்கப்புறமும் படத்துல புதுசா ஒரு புள்ளி வந்திருந்தா? நான் உன்கிட்ட என்னன்னு சொல்வேன்?"

டீச்சருக்குக் கோபம் வந்தது. காலையிலிருந்து தன்மேல் வந்த அதே கோபம் இப்போது ஆள் மாறி வந்தது. அவரைப் பார்த்தாள். மூடிய பையைப் பிடித்துக்கொண்டு, மாட்டிக்கொண்ட பையன் போல நின்ற நாற்பத்தெட்டு வயது மனிதர். திட்ட ஆரம்பித்தால் இன்று முடியாது என்று தோன்றியது.

"அந்த நம்பரைக் கொடுங்க."

"நாளைக்கு நானே பேசி..."

"நம்பரைக் கொடுங்க."

மணி ஏழு. ஆஸ்பத்திரியில் தேதி கொடுக்கும் பிரிவு எட்டு மணி வரை திறந்திருக்கும். கணவர் போனைப் பார்த்து எண்ணைச் சொன்னார். ஃபைல் நம்பரையும் சொன்னார். அது அவருக்கு மனப்பாடம். அவளுக்கு அப்படி ஒரு நம்பர் இருப்பதே இன்றுதான் தெரியும். எழுதிக்கொண்டு, தன் போனில் அழுத்தினாள். மறுமுனையில் ஒரு பெண் ஃபைல் நம்பரை வாங்கிக்கொண்டு விசைகளைத் தட்டினாள்.

"சொல்லுங்க மேடம். நோயாளிக்கு நீங்க என்ன உறவு?"

"உறவு இல்லம்மா. அது நான்தான்."

மறுமுனையில் தட்டும் சத்தம் நின்றது.

"ஓ. எப்பவும் உங்க வீட்டுக்காரர்தான் பேசுவார்."

"இனிமே நான் பேசுவேன். தள்ளிப் போட்ட ஸ்கேனை நாளைக்கே எடுக்க முடியுமா? காலையில சீக்கிரமா இருந்தா நல்லது. வெயிலுக்கு முன்னாடி."

"இருங்க, பார்க்கறேன். ஏழே காலுக்கு ஒண்ணு காலியா இருக்கு. போட்டுடறேன்." மறுபடி தட்டல். "மேடம், உங்க ஃபைல்ல டாக்டர் ஒரு குறிப்பு வச்சிருக்காரே. போன தடவை எடுத்த ரத்தப் பரிசோதனை விஷயமா உங்ககிட்டயே நேர்ல பேசணுமாம். நாலு நாளா கூப்பிட்டிருக்கோம். உங்க வீட்டுக்காரர் நம்பர்ல யாரும் எடுக்கல."

டீச்சர் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் இப்ப இருக்காரா?"

"கிளம்பிட்டிருக்கார். லைனைக் கொடுக்கட்டுமா?"

நாத்தனார் நாற்காலியை இழுத்தாள். இழுத்தவள், உட்கார் என்று சொல்லவில்லை. டீச்சர் நாற்காலியின் முதுகை ஒரு கையால் பற்றிக்கொண்டு, நின்றபடியே சொன்னாள்.

"கொடுங்க."